தாடைக்கு அடியில் ஒரு தீப்பெட்டி

அன்புள்ள ஐயா,

பேர்ணாம்பட்டுப் பக்கம் வசிக்கிறேன். மாலையில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு மாதமாக எழுதும்போதே தூங்கிவிடுகிறான். போன வாரம் அவன் முழங்கைக்கு மேல் மூன்று சூட்டுத் தழும்புகளைப் பார்த்தேன். ஒரே நீளம், வரிசையாக இருந்தன. கேட்டதற்கு, "பைக் சைலன்சர் பட்டுவிட்டது மிஸ்" என்றான். உறுதியாகத் தெரியாமல் புகார் சொன்னால் ஒரு குடும்பத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வராதா? பிள்ளைகளைக் கண்டித்து வளர்ப்பது பற்றி உங்கள் கருத்து என்ன? பாதுகாப்பைச் சொல்லித்தரும் கதைப் புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் பெயர், தெரு, பையனை அடையாளம் காட்டும் விவரங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். புத்தகம் பிறகு பார்க்கலாம். கண்டிப்பைப் பற்றிய என் கருத்தும் இப்போது வேண்டாம். சூடு வைப்பது கண்டிப்பு அல்ல.

"உறுதியாகத் தெரியாமல்" என்ற இடத்தில்தான் நின்றுவிட்டேன். ஒரே நீளம், வரிசையாக என்று எழுதியவர் நீங்கள். சைலன்சர் மூன்று முறை அளந்து சுடுமா? உங்களுக்குத் தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் பயம். அந்தப் பயம் எனக்குப் பழக்கமானது, அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

1983ல் குடியாத்தத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் போனேன். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்தபோது கை நிறையப் பச்சை வளையல் போட்டிருந்தாள். ஜூனில் பள்ளி திறந்தது, அவள் வரவில்லை. வாத்தியார் என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னார். ஒரு திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பீடி முனை மடித்துக்கொண்டிருந்தாள். மடியில் முறம். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி. தலை நிமிர்ந்தால் அது விழும். விழுந்தால் அடி. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். கையில் வளையல் இல்லை.

அவள் அப்பா வாங்கிய முன்பணத்துக்காக அங்கே இருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933லேயே சட்டம் வந்துவிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது. அதற்குப் பிறகும் தெருவைப் பார்த்த திண்ணையில், பட்டப்பகலில் அது நடந்தது. குடத்தோடு போனவர்கள் பார்த்தார்கள், சைக்கிளில் போனவர்கள் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திரும்பிவந்து, "அவளுக்கு வேலை இருக்கிறது சார்" என்று மட்டும் சொன்னேன். தீப்பெட்டியைச் சொல்லவில்லை. சில வாரங்களில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது. உங்களுக்கு என்ன வயது?

குடும்பம் கெட்டுவிடும் என்கிறீர்கள். சொன்ன மறுநாளே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் இல்லத்தில் அடைத்துவிடுவதில்லை. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்றுதான் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. முதலில் குழந்தைகள் நலக் குழு விசாரிக்கும். அதே சட்டத்தின் 75ஆவது பிரிவில், பொறுப்பில் இருப்பவரே பிள்ளையை வதைத்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பட்டினி போட்டுக் கவனிக்காமல் விடுவதும் அதில் அடங்கும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, தாயே. பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது. குழந்தைகள் உதவி எண் 1098. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது.

அதற்கு முன்னால் அவன் அம்மாவிடம் போய் விசாரித்துவிடாதீர்கள். "மிஸ்ஸிடம் என்ன சொன்னாய்?" என்று நான்காவது சூடு விழும். அவனையும் திரும்பத் திரும்பக் குடையாதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், உன்மேல் தவறில்லை என்று சொல்லுங்கள், போதும்.

இன்று மாலை எழுதும்போது தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். பாயை விரித்துப் படுக்கவையுங்கள். அவன் எழுவதற்குள் பேசிவிடலாம்.