வல்லாரையும் மஞ்சள் மாத்திரையும்

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. வைத்த பொருள் வைத்த இடம் மறந்துபோகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூளைக்கு நல்லது என்று சித்தப்பா மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதைக் கொடுக்கலாமா? வல்லாரையைத் தினமும் அரைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ராணிப்பேட்டை

அன்புள்ள வாசகிக்கு,

மாத்திரை வேண்டாம். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் டாக்டரிடம் சொல்லி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பாருங்கள், வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மஞ்சளின் முக்கியச் சத்து குர்குமின். மஞ்சள் தூளில் அது ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதையும் குடலும் கல்லீரலும் உடனுக்குடன் மாற்றி வெளியே தள்ளிவிடும். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 2 கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு ஏறியது. 1998இல் வெளியான முடிவு. மிளகுச் சத்து சேர்ப்பது இதற்காகத்தான். சிக்கலும் அதில்தான்: குர்குமினை வெளியேற்றும் வேலையை மட்டும் பைப்பரின் தடுப்பதில்லை, வேறு பல மருந்துகளை உடைக்கும் நொதிகளையும் கட்டிப்போடுகிறது. குர்குமினே வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ரசத்தில் தட்டிப்போடும் மிளகும் சாம்பார் மஞ்சளும் வேறு கணக்கு, அவற்றை நிறுத்த வேண்டியதில்லை.

பலன்? அல்சைமர் நோயாளிகளுக்குத் தினம் 2 கிராம், 4 கிராம் என்று 24 வாரம் கொடுத்த ஆய்வில் (2012) ஒன்றும் தேறவில்லை. 2018இல் கலிஃபோர்னியாவில், டிமென்ஷியா (மறதி நோய்) இல்லாத 40 பேரிடம், எளிதில் உறிஞ்சப்படும் வகையை 18 மாதம் கொடுத்ததில் நினைவாற்றல் கூடியது. நல்ல செய்திதான், ஆனால் 40 பேர்.

வல்லாரை கொடுக்கலாம், தினமும் அல்ல. கீரையில் வைட்டமின் கே உண்டு. திடீரென்று அளவு கூடினால் வார்ஃபரின் வேலை குறைந்துவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை, ஒரு கைப்பிடி, எப்போதும் அதே அளவு. இலையை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், புளி, தேங்காய் வைத்துத் துவையல் அரைத்தால் கசப்பு அடங்கும்.

அதைவிட முக்கியம், கீரை எங்கே வளர்ந்தது என்பது. வல்லாரை வாய்க்கால் ஓரத்துச் செடி. தண்ணீரில் இருக்கும் உலோகத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவின் குரோமியம் என்ற உலோகம் உங்கள் பக்கத்து மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியிருப்பது ஊரறிந்த விஷயம். ஓடிப்படரும் தண்டில் வேர்விட்ட கணு ஒன்றைக் கிள்ளி, அரை அடி ஆழமுள்ள அகலத் தொட்டியில் நடுங்கள். பாதி நிழல், எப்போதும் ஈரம். போர் தண்ணீர் வேண்டாம், மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ ஊற்றுங்கள். வெயில் அதிகம் பட்டால் இலை சிறுத்து மஞ்சளாகும்.

இதற்கெல்லாம் முன்னால் வைட்டமின் பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச். இரண்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அது குறைந்தாலே மறதி வரலாம். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். இரண்டுக்குமே மருந்து உண்டு. போகும்போது அந்த மஞ்சள் மாத்திரை டப்பாவையும் டாக்டரிடம் காட்டுங்கள்.