42 லட்சம் என்று யார் சொன்னது?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு லேத் பட்டறை. 1,200 சதுர அடி மனை ஒன்று உண்டு. இணையத்தில் எங்கள் பக்கம் சதுர அடி 3,500 ரூபாய் என்று இருக்கிறது, அதாவது 42 லட்சம். அந்தத் தைரியத்தில் 6 லட்சம் நகைக்கடனை மூன்று வருடமாக வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். இப்போது கொழுந்தனார், என் சம்பளத்தைக் காட்டி பர்சனல் லோன் எடுத்து 12 லட்சத்தில் இன்னொரு மனையைக் கூட்டாக வாங்கலாம் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் எனக்குக் கவலை கொழுந்தனாரைப் பற்றி இல்லை, அந்த 42 லட்சத்தைப் பற்றி. அது விற்பவர்கள் கேட்கும் விலை. எவரும் கொடுத்த விலை அல்ல. ஆறு மாதமாக விற்காத மனையும் அதே 3,500-ல்தான் அங்கே தொங்கிக்கொண்டிருக்கும்.

அரசின் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாமே என்பீர்கள். அது முத்திரைத்தீர்வைக்காக வைத்த எண். 2017 ஜூனில் தமிழகம் முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். அந்த இரண்டு முறையும் எண்தான் மாறியது, உங்கள் மனை அசையவில்லை. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீட்டில் சென்னை உண்டு, காட்பாடி இருக்கும் வேலூர் கிடையாது. சென்னை விலை ஏறியது என்ற செய்தியை வைத்துக் காட்பாடியில் கணக்குப் போட முடியாது.

மிச்சம் இருப்பது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு மனையின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணையும் பக்கத்து எண்களையும் போட்டு, கடந்த இரண்டு வருடக் கிரயங்களைப் பாருங்கள். பத்திரத்தில் குறைத்து எழுதும் வழக்கம் உண்டு என்பதால் அது கீழ் எல்லை. விளம்பர விலை மேல் எல்லை. ஒரு தெருவில் இரண்டு மூன்று கிரயம்தான் நடந்திருக்கும், அதிலும் ஒன்று அண்ணன் தம்பிக்குள் எழுதியதாக இருக்கலாம். மூலை மனைக்கும் சந்து மனைக்கும் ஒரே விலையும் கிடையாது. ஒரு பேச்சுக்கு 2,400 என்று வைத்தால், உங்கள் மனை 29 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

இனி புது மனை. 12 லட்சம், 13 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 27,300, மொத்தம் 16.4 லட்சம். முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், இன்னொரு 1.08 லட்சம். ஐந்து வருடம் கழித்து 17.5 லட்சத்துக்கு விற்றால்தான் போட்ட பணமாவது திரும்பும். பத்திரத்தில் இரண்டு பெயர் இருக்கும், கடன் மட்டும் உங்கள் ஒரு பெயரில்.

சரி, நகைக்கடன். 10 சதவீதம் என்றால் மாதம் 5,000, மூன்று வருடத்தில் 1.8 லட்சம் போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. புதுத் தவணைக்கு 27,300 கட்ட முடியும் என்றால் இதற்கு 15,000 கட்ட முடியாதா? கட்டினால் சுமார் நாலு வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வங்கியில் அசலோடு மாதாமாதம் கட்டும் திட்டத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கொழுந்தனாருக்கு அந்த மனை அவ்வளவு பிடித்திருந்தால், கடனை அவர் பெயரில் எடுத்துக்கொள்ளட்டும்.