யாரோ ஒரு கவிஞர் அல்ல

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு போலந்து போகிறோம். கிராக்கோவ் நகருக்குப் போனால் அதன் பக்கத்திலிருக்கும் ஆஷ்விட்ஸ் வதைமுகாமும் உப்புச் சுரங்கமும்தான் முக்கியம் என்கிறார்கள். நகரச் சதுக்கத்துக்கு 40 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே புறாக்கள், கடைகள், யாரோ ஒரு கவிஞரின் சிலை. அதை விட்டுவிட்டு ஷாப்பிங் போய்விடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அந்த ‘யாரோ ஒரு கவிஞரை’ப் பார்க்காமல் ஆஷ்விட்ஸ் போனால், நடந்ததில் பாதியைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அவர் ஆதாம் மிட்ஸ்கியேவிச். 1798இல் பிறந்து 1855இல் இஸ்தான்புல்லில் இறந்தவர். கிராக்கோவில் அவர் காலடி பட்டதே இல்லை. ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டதில் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லாத காலம் அது. அவர் கவிதையைப் படித்துத்தான் தாங்கள் ஒரே மக்கள் என்பதை அந்த ஜனங்கள் மறக்காமல் இருந்தார்கள். ஆஸ்திரிய ஆட்சியில் கிராக்கோவ் கொஞ்சம் மூச்சுவிட முடிந்த ஊர். அதனால் பிரான்சில் புதைத்திருந்த அவர் உடலை 1890இல் அங்கே கொண்டுவந்து, போலந்து அரசர்களைப் புதைத்த வாவெல் பேராலயத்திலேயே வைத்தார்கள். 1898இல், அவர் பிறந்த நூறாம் ஆண்டில், சதுக்கத்தில் சிலை வைத்தார்கள்.

இனி இரண்டு தேதிகளைச் சேர்த்துப் பாருங்கள். 1940 ஜூன் 14 அன்று ஆஷ்விட்ஸுக்குப் போலந்து அரசியல் கைதிகளின் முதல் ரயில் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, நாஜிகள் இந்தச் சிலையை இழுத்துத் தள்ளி உடைத்தார்கள். சதுக்கத்துக்கு ஹிட்லரின் பெயரையும் வைத்தார்கள். அதற்கு முந்தைய நவம்பரில்தான், பக்கத்திலிருக்கும் யாகியெலோனியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களைக் கூட்டம் என்று வரச்சொல்லி, மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆளைக் கொல்வதும் அவன் மொழியைக் கொல்வதும் அவர்களுக்கு ஒரே வேலையாக இருந்தது. ஒரு கவிஞனின் சிலை என்ன செய்துவிடும் என்று நீங்களும் நானும் கேட்கலாம். அவர்கள் கேட்கவில்லை, உடைத்தார்கள்.

போர் முடிந்த பிறகு சிலையின் துண்டுகள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் பழைய இரும்புக் குவியலில் கிடைத்தன. 1955இல், கவிஞர் இறந்த நூறாம் ஆண்டில், சிலை அதே இடத்தில் மறுபடி நின்றது.

பக்கத்துக்கு 200 மீட்டர் அகலமுள்ள அந்தச் சதுக்கத்தில் ‘எங்கே சந்திப்போம்’ என்று ஊர்க்காரர்களைக் கேட்டால் ‘அடாஷுக்குக் கீழே’ என்பார்கள். அடாஷ் என்பது ஆதாமின் செல்லப்பெயர். நூறு வருடத்துக்கு மேலாகியும் நாட்டின் பெருங்கவிஞரை வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறார்கள். பள்ளி இறுதித் தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் அவரைச் சுற்றி ஒற்றைக் காலில் நொண்டியடிக்கிறார்கள். டிசம்பர் முதல் வியாழக்கிழமை போனால் இன்னும் விசேஷம். இயேசு பிறந்த குடிலைக் கிராக்கோவின் தேவாலயக் கோபுரங்களோடு செய்து, பளபளக்கும் வண்ணத் தாள் ஒட்டி, சிலையின் படிகளில் வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். 1937இல் தொடங்கிய போட்டி இது.

நீங்கள் போகும் மாதத்தில் அது இருக்காது, பரவாயில்லை. வளையம் வளையமாகக் கசகசா ஒட்டிய ரொட்டியைத் தள்ளுவண்டியில் விற்பார்கள், ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூக்கடைகளைத் தாண்டிப் போய் அந்தப் படியில் பிள்ளைகளோடு உட்காருங்கள். மணி அடித்ததும் எதிரே மரியாள் தேவாலயக் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுவார்கள். நான்கு திசைக்கும் ஒவ்வொரு முறை ஊதி, ஒவ்வொரு முறையும் பாட்டை நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். எதிரிகள் வருவதைப் பார்த்து ஊதிய காவலன் தொண்டையில் அம்பு பட்ட இடம் அது என்பது ஊர்க்கதை. நான்காவது முறையும் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

ஷாப்பிங்குக்கு எங்கும் அலைய வேண்டாம். சிலைக்குப் பின்னாலேயே பழைய துணிச்சந்தை மண்டபம் இருக்கிறது.