முழங்கால், கணுக்கால்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: கால் பிசகினால் எப்போதும் வெளிப்பக்கம்தான் வீங்குகிறது, ஏன்?

பதில்: பாதம் உள்பக்கம் மடங்குவதுதான் சுலபம். வெளிக் கணு எலும்பு அதிகம் கீழே இறங்கியிருப்பதால் பாதத்தை வெளியே சாயவிடாது, உள்பக்க ஜவ்வும் அகலமானது, பலமானது. வெளிப்பக்கம் மூன்று தனித்தனி ஜவ்வுகள். முன்னால் இருப்பதுதான் நோஞ்சான், முதலில் கிழிவதும் அதுதான். அப்புறம், கணுக்காலுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பு முன்புறம் அகலம், பின்புறம் ஒடுக்கம். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி வந்து இறுகிக்கொள்ளும், விரல்களைக் கீழே நீட்டினால் ஒடுக்கமான பகுதி வந்து மூட்டு தளர்ந்துவிடும். குதித்து இறங்கும்போது பிசகுவது அந்த நிலையில்தான்.

கேள்வி: குந்தி உட்கார்ந்தால் குதிகால் தூக்குகிறது. கெண்டைக்காலை தினமும் நீட்டுகிறேன், பலனில்லை.

பதில்: முழங்காலை நீட்டி வைத்துத்தானே செய்கிறீர்கள்? கெண்டைக்காலில் மேல் தசை முழங்காலைத் தாண்டிப் போய் தொடை எலும்பில் ஒட்டியிருக்கிறது, அதனால் முழங்கால் மடங்கியதுமே அது தளர்ந்துவிடும். குந்தும்போது தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் சோலியஸ் தசை, இல்லையென்றால் மூட்டே இறுகியிருக்கும். முழங்காலை மடக்கி, குதிகால் தரையை விடாமல் முன்னால் தள்ளிப் பாருங்கள். காலின் பின்புறம் இழுப்பது தெரிந்தால் காரணம் தசை, கணுக்காலின் முன்புறம் இடிப்பது தெரிந்தால் மூட்டு. இரண்டாவதற்கு எவ்வளவு நீட்டினாலும் பெரிதாக உதவாது. கணுக்கால் மடங்க மறுத்தால் பலருக்கும் முழங்கால் உள்ளே சாயும், அதையும் கவனியுங்கள்.

கேள்வி: முழங்கால் மடங்கி நீளுவது மட்டும்தானே?

பதில்: இல்லை, சுழலும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை இடம் வலம் திருப்புங்கள், முழங்காலுக்குக் கீழே எலும்பு திரும்புவது கையில் தெரியும். காலை முழுக்க நீட்டியபின் அது நடக்காது, திருப்பினால் இடுப்புதான் திரும்பும். நீட்டலின் கடைசிச் சில டிகிரியில் கீழ் எலும்பு லேசாக வெளியே திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. தொடைத் தசை அதிகம் உழைக்காமல் நாம் நிற்க முடிவது அதனால்தான். மறுபடி மடக்கும்போது பூட்டைத் திறப்பது முழங்காலுக்குப் பின்னால் உள்ள பாப்ளிட்டியஸ் என்ற சின்னத் தசை, இதை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

கேள்வி: படி இறங்கும்போது மட்டும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி.

பதில்: முழங்கால் மடங்க மடங்க, சில்லு தொடை எலும்பில் அழுந்தும் விசை கூடும். சமதளத்தில் உடல் எடையைவிடக் குறைவு, படிகளில் சுமார் மூன்று மடங்கு. கொஞ்ச நாள் படிகளைக் குறையுங்கள், ஆனால் தொடைப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சார், மடக்கினால் டக் டக்கென்று சத்தம்!

பதில்: வலி, வீக்கம் இல்லையா? சரி, விடுங்கள். பாதியில் சிக்கிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும், உள்ளே பிறைவடிவக் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம்.