சிப்பண்டேல் நாற்காலிக்குச் சான்றிதழ் கிடைக்குமா?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். பழம்பொருள் கடை ஒன்றில் இரண்டு மஹோகனி நாற்காலிகள் வாங்கினேன். "சிப்பண்டேல்" என்று சொல்லித்தான் விற்றார்கள். இங்கே சிப்பண்டேல் சொசைட்டி என்று ஒன்று இருக்கிறதாமே, அவர்களிடம் காட்டினால் அசல்தான் என்று எழுதித் தருவார்களா? உறுப்பினராகச் சேர்ந்தால் என்ன பயன்?

பதில்: சான்றிதழுக்காகச் சேர வேண்டாம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில மரத்தச்சர் தாமஸ் சிப்பண்டேலின் வேலைப்பாட்டைப் படிக்கவும் பாதுகாக்கவும் ஏற்பட்ட சங்கம் அது. விலைதான் தெரிய வேண்டும் என்றால் ஏல நிறுவனம் ஒன்றின் ஃபர்னிச்சர் பிரிவுக்குப் படங்களை அனுப்புங்கள்.

'அசல்' என்று சொல்வது ஏன் இவ்வளவு கடினம் என்றால், அதற்கு அவரே ஒரு காரணம். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆட்லியில் 1718-இல் பிறந்தவர், லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் பட்டறை வைத்து, 1754-இல் தன் வடிவங்களைப் படப் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். சகதச்சர்கள் பலர் அதை வாங்கி, படத்தைப் பார்த்து ஊர் ஊராக நாற்காலி செய்தார்கள். நூறு ஆண்டு கழித்து அந்த பாணி மறுபடியும் மவுசு பெற்றது. அப்போது செய்தவைதான் இன்று கடைகளில் அதிகம். போதாக்குறைக்கு, தன் பொருள்களில் முத்திரை வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

ஆகவே தீர்ப்பு சொல்வது பெரும்பாலும் மரம் அல்ல, காகிதம். ஹேர்வுட் மாளிகையில் உள்ள டயானா, மினெர்வா உருவங்கள் பதித்த அலமாரிக்கு 1773-இல் அவர் போட்ட 86 பவுண்டு பில் இருக்கிறது. நோஸ்டெல் மாளிகைக் கணக்கில் சமையலறைக்கு எல்ம் மரத்தில் கறி வெட்டும் கட்டை செய்து கொடுத்ததுகூடப் பதிவாகியிருக்கிறது. எனக்கு அலமாரியைவிட அந்தக் கட்டையின் மேல்தான் பிரியம்!

சங்கத்தின் பயன் இங்கேதான். சொற்பொழிவுகள், மாளிகைகளுக்குக் குழுவாகப் போய்ப் பார்ப்பது, ஆய்வுக்கு ஆதரவு என்று அவர்கள் வேலை ஓடுகிறது. சொந்தச் சேகரிப்பும் உண்டு. அதைப் பார்க்க லீட்ஸிலேயே உள்ள டெம்பிள் நியூசம் மாளிகைக்குப் போனால் போதும். விவரம் தெரிந்தவர்களோடு நான்கு அசல் நாற்காலிகளைச் சுற்றிவந்து பார்த்தால் கண் தானாகப் பழகிவிடும்.

சிப்பண்டேலோடு நில்லாமல் மற்ற தச்சர்களையும் அறிய ஆசை என்றால், 1964-இல் தொடங்கிய ஃபர்னிச்சர் ஹிஸ்டரி சொசைட்டி பொருத்தமானது. அவர்களின் 'பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் ஃபர்னிச்சர் மேக்கர்ஸ் ஆன்லைன்' தரவுத்தளத்தில் தச்சர் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம்.

சரி, உங்கள் நாற்காலிகளுக்கு வருவோம். மெத்தைச் சட்டம் தனியாகக் கழன்று வரும் வகை என்றால் அதைத் தூக்கி வைத்துவிட்டு, நாற்காலியைப் போர்வை மேல் கவிழ்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். உட்காரும் சட்டத்தின் நான்கு மூலைகளையும் முதலில் கவனியுங்கள். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாற்காலிகளில் மூலைக்குக் குறுக்கே ஒல்லியான ஒரு பட்டையை, இருபுறச் சட்டத்திலும் காடி வெட்டிச் செருகியிருப்பார்கள். முக்கோணக் கட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் பெரும்பாலும் பின்னாளையது. ஸ்க்ரூவின் நுனி கூராக இருந்தால் அது 1850-ஐ ஒட்டியோ பிறகோ வந்த இயந்திர ஸ்க்ரூ. கையால் ராவியதில் நுனி மொட்டையாகவும் தலையில் உள்ள வெட்டு சற்றே கோணியும் இருக்கும். மரத்தில் வில்போல வளைந்த ரம்பக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பத்தின் வேலை, அதாவது 19-ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிறகு.

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இருநூறு வருஷத்தில் பழுதுபார்த்த யாரோ புது ஸ்க்ரூ போட்டிருக்கலாம். அடிப்பக்கத்தைச் சுரண்டுவதோ, புதிதாக பாலிஷ் போடுவதோ வேண்டவே வேண்டாம். பார்த்துச் சொல்ல வருபவருக்கு அந்த அழுக்கும் ஒரு சாட்சி.

அப்புறம், சட்டத்தின் உட்புறத்தில் உளியால் வெட்டிய ரோமன் எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். செட்டாகச் செய்யும்போது சட்டமும் மெத்தையும் மாறிவிடாமல் இருக்க இப்படி எண் போடுவார்கள். உங்கள் இரண்டு நாற்காலிகளிலும் வெவ்வேறு எண், ஆனால் ஒரே கை வெட்டியது போல இருந்தால், கடையில் ஜோடி சேர்த்தவை அல்ல, ஒரே செட்டில் பிறந்தவை என்று ஓரளவு நம்பலாம். ஏல நிறுவனத்துக்கு அனுப்பும் படங்களில் அந்த எண்களும் தெளிவாகத் தெரியட்டும்.