குடியை விட்ட மகன், குடியிருப்பவர்களைத் துரத்தச் சொல்கிறான்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 51. திருப்பரங்குன்றம் பக்கம் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. கீழே நானும் மகனும். மாடியில் ஆறு வருடமாக ஒரு முஸ்லிம் குடும்பம் குடியிருக்கிறது. கணவர் போன பிறகு அந்த வாடகைதான் எனக்குக் கை கொடுக்கிறது.

மகனுக்கு 24 வயது. அப்பா இறந்ததும் குடிக்க ஆரம்பித்தான். நடுராத்திரியில் யாராவது கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். போன வருடம் ஒரு பக்திக் குழுவில் சேர்ந்தான். மாலை போட்டான், குடியை அடியோடு விட்டான். விடியற்காலையில் குளித்து, விபூதி பூசி, மலையைச் சுற்றி வருகிறான். அதைப் பார்த்துக் கண் கலங்கி நின்றிருக்கிறேன்.

ஆனால் திருப்பரங்குன்றம் மலை முருகன் கோயிலுக்கா, மேலே இருக்கிற தர்காவுக்கா என்ற விவகாரம் சூடான பிறகு அவன் பேச்சே மாறிவிட்டது. எந்நேரமும் செல்போனில் வீடியோதான். ரம்ஜானில் மாடி வீட்டுப் பெண் வழக்கம்போல தூக்குவாளியில் நோன்புக்கஞ்சி கொடுத்தனுப்பினாள். என் கண் முன்னாலேயே அதைச் சிங்க்கில் கொட்டினான். "அவங்களைக் காலி பண்ணச் சொல்லு, இல்லேன்னா நான் வீட்டை விட்டுப் போறேன்" என்கிறான். சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டினேன். அதற்கும் இப்போது பரிகாரம் செய்யச் சொல்கிறான்.

நான் கும்பிடுவதும் அதே முருகனைத்தான். ஒரு தப்பும் செய்யாதவர்களை வெளியே போகச் சொல்ல மனசு வரவில்லை. எதிர்த்துப் பேசினால் திரும்பக் குடிக்கப் போய்விடுவானோ என்று பயம். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத தாய், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். மகன் குடியை விட்டது பெரிய காரியம். அப்பா போன வெறுமையில் இருந்தவனுக்கு அந்தக் குழுவில் கூட்டாளிகள் கிடைத்தார்கள், நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்தது. அதைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் அவன் குடிக்காமல் இருப்பதற்காக மாடி வீட்டுக்காரர்கள் வீட்டை இழக்க வேண்டுமென்பதில் எந்த நியாயமும் இல்லை. மகனுடைய விரதமும் கிரிவலமும் அவன் தனக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அடுத்தவர் அடுப்பிலும் தாயின் வேண்டுதலிலும் கை வைக்க அது அவனுக்கு உரிமை தராது.

அவன் பக்தி குறைந்தால்தான் எல்லாம் சரியாகும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் ஊரிலேயே 1939 ஜூலை 8 அன்று விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பட்டர்களில் ஒரு பகுதியினர் பூஜை செய்ய மறுத்தார்கள். ஐயரும் சாமி கும்பிடுகிறவர், மறுத்தவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள். இரண்டு பக்கமும் பக்தி இருந்தது. யார் உள்ளே வரலாம் என்பதில்தான் பிரிந்தார்கள். உங்கள் மகன் நிற்பதும் அந்த இடத்தில்தான். முருகனை விடாமலே அவன் ஐயர் நின்ற பக்கம் வர முடியும்.

மலை யாருக்கு எவ்வளவு என்ற வாதத்தில் அவனோடு இறங்காதீர்கள். 1931இலேயே, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு அது, உங்கள் வீட்டுக் கூடத்தில் தீராது. நீங்கள் ஒரு வரலாறு சொன்னால் அவன் பத்து வீடியோ காட்டுவான்.

அவன் மலையைச் சுற்றிவிட்டு வந்து அமைதியாக இருக்கிற ஒரு காலையில், செல்போன் கையில் இல்லாத நேரம் பார்த்து, இப்படிச் சொல்லுங்கள்: "நீ சாமி கும்பிடு, விரதம் இரு, உனக்கு வேண்டியதை நான் சமைச்சுத் தர்றேன். மாடி வீடு என் பொறுப்பு. அவங்க இருப்பாங்க." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். திரும்பக் கேட்டாலும் அதே பதில், அதே குரலில். தர்காவில் கயிறு கட்டியதற்கு நீங்கள் பரிகாரம் செய்ய வேண்டியதில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஒரு தாய் கைகூப்பிய இடம் அது.

மாடிக்கு நீங்களே ஏறிப்போய் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். கீழே நடக்கிற சண்டை அவர்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. உங்கள் வாயால் "யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்லலை" என்று கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. மகன் அவர்களை மிரட்டினாலோ கையோங்கினாலோ, பிள்ளை என்று மூடி மறைக்காமல் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

கோபித்துக்கொண்டு வெளியே போனால், பின்னாலேயே ஓடிக் கெஞ்ச வேண்டாம். சாப்பாடு எப்போதும் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். மறுபடி குடித்தால், அதற்குக் காரணம் நீங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குடிப்பழக்கம் சிகிச்சை தேவைப்படுகிற நோய். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் மகனுடைய கோபம் இருக்கிறது, பக்தி இருக்கிறது. அப்பாவை நினைத்து அவன் அழுததாக ஒரு வரி இல்லை. அப்பாவைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள், மலையைப் பற்றிப் பேசுவதைவிட அது அவனுக்கு அவசியம். உங்களிடம் பேச வரவில்லை என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. அவனுக்கு முன்னால் நீங்கள் ஒருமுறை கூப்பிட்டுப் பேசுங்கள்.