முப்பதைத் தாண்டியும் முகப்பரு: கேள்வி பதில்

வயது 33. பள்ளி நாளில் கூட வராத பரு இப்போது தாடையைச் சுற்றி வருகிறது. மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்பு அதிகமாகிறது. ரத்தம் கெட்டுப்போச்சு என்கிறார் மாமியார்.

ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை. ஆண்ட்ரோஜன் ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது, துளை அடைபடுகிறது, உள்ளே பாக்டீரியா பெருகி வீங்குகிறது. பெரியவர்களான பெண்களுக்குத் தாடையில் வருவது வழக்கம்தான். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது, தலைமுடி கொட்டுவது இதனோடு சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அப்படி இருந்தால் வெறும் களிம்பு போதாது.

அடாபலீன் 0.1% ஜெல் போட்டு மூன்று வாரம் ஆகிறது. எரிகிறது, தோல் உரிகிறது, பருவும் கூடிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள், போடும் விதத்தை மாற்றுங்கள். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். ஈர முகத்தில் போட்டால் எரிச்சல் கூடும். இரவில் கழுவித் துடைத்து 20 நிமிடம் காயவிடுங்கள். முகம் முழுக்கவும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு ஜெல்தான். பரு மேல் மட்டும் புள்ளி வைக்கக் கூடாது. இந்த மருந்தின் வேலை அடுத்த பரு வராமல் தடுப்பது. கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பழகிய பிறகு தினமும். தொடக்கத்தில் பரு கூடுவது சகஜம். 12 வாரம் முடியாமல் பலன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தோல் வீங்கினாலோ நீர் கோத்தாலோ மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு ஜெல் 10% வாங்கலாமா?

2.5% போதும். பலன் ஏறக்குறைய அதேதான், எரிச்சல் குறைவு. துண்டும் தலையணை உறையும் வெளுத்துவிடும், வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள். கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடுபவர்களும் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கிருமிக்கு அந்த மருந்து பழகிவிடும்.

மெடிக்கலில் கொடுத்த க்ரீம் போட்டால் இரண்டே நாளில் பளிச்சென்று ஆகிறது. விட்டால் முன்பைவிட மோசமாக வருகிறது.

டியூபின் பின்பக்கத்தில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கி முகத்தைத் தெளிவாகக் காட்டும். தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, அதுவே பருவைக் கிளப்பும். விட்டதும் சிவந்து பொங்குவதைப் பார்த்துப் பயந்து மறுபடி தடவுகிறார்கள். இந்தச் சுழலில் எத்தனையோ முகங்கள் பாழாகின்றன என்பதுதான் வேதனை. நெடுநாள் போட்டவர்கள் தோல் மருத்துவரின் மேற்பார்வையில்தான் விட வேண்டும்.

நெற்றியில் மட்டும் சின்னச் சின்னதாய், ஒரே அளவில். அரிக்கவும் செய்கிறது.

அரிப்பு இருப்பதால் முதலில் பூஞ்சையைச் சந்தேகிக்கிறேன். அதற்குப் பருவுக்கான ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கூடும், கீட்டோகோனசோல் வகையறா பூஞ்சை மருந்து கொடுத்தால் அடங்கும். தோலைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். எப்படியிருந்தாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பாருங்கள்.

ஜிம்முக்குப் போகிறேன், வே புரோட்டீன் காரணமாக இருக்குமா?

சிலருக்கு ஆம். இரண்டு மாதம் நிறுத்திப் பாருங்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

தொடங்காதீர்கள். கருவுக்குக் கடுமையான ஊனம் உண்டாக்கும் மருந்து அது. மாத்திரை முடிந்து ஒரு மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. எழுதிய மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அடாபலீனும் இப்போது வேண்டாம். அசெலாயிக் அமிலம் போடலாம், பரு விட்டுப்போன கருமையையும் அது குறைக்கும். பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடாவிட்டால் அந்தக் கருமை சீக்கிரம் போகாது.